மிகச் சிறிய கோள் எது? ஒரு மதிப்பெண்ணும் புளூட்டோவும்

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தின் இரண்டாம் மாடியில் சனிக்கிழமை காலையில் தொண்டூழியர்கள் சிலர் சேர்ந்து பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். தொடக்கநிலை நான்கும் ஐந்தும் படிக்கிற பதினெட்டுப் பிள்ளைகள். பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கிறார்கள், அதைத் தமிழிலும் பேசிப் பழகட்டும் என்று மாதம் ஒரு முறை பத்துக் கேள்விகளோடு ஒரு புதிர்ப்போட்டி வைப்போம். அப்படி ஒரு போட்டியில் ஏழாவது கேள்வியால் வந்த பிரச்சினையையும், அதை எப்படிச் சரிசெய்தோம் என்பதையும் முழுதாக எழுதி வைக்கிறேன். இதே கேள்வியை இன்னும் எத்தனையோ பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி இதுதான்: "சூரியக் குடும்பத்தில் மிகச் சிறிய கோள் எது?" பழைய பொது அறிவுப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தது, விடையும் அதிலிருந்தே வந்தது: புளூட்டோ. ஒரு பிள்ளை மட்டும் புதன் என்று எழுதியிருந்தாள். திருத்தியது நான். புத்தகத்து விடையைப் பார்த்தேன், தவறு என்று கோடு போட்டுவிட்டேன்.

வகுப்பு முடிந்ததும் தாளோடு வந்து நின்றாள். "டீச்சர், புதன்தான் சரி. புளூட்டோ இப்போ கோள் இல்ல." அவளைக் கூட்டிப்போக வந்திருந்த தாத்தா வாசலிலேயே கேட்டுக்கொண்டிருந்தார். "ஒன்பது கிரகம்மா. கடைசியில இருக்கறது புளூட்டோ, அதுதான் சின்னது. நாங்க படிச்சதே அதுதான்" என்றார். "இல்ல தாத்தா, ஓட்டுப் போட்டு எடுத்துட்டாங்க." அவர் பேத்தியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "வானத்துல இருக்கற ஒண்ண ஓட்டுப் போட்டு எப்படிம்மா எடுக்க முடியும்?"

பேத்தி சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆனால் தாத்தா கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் ஐயா என்று சொல்லி அனுப்பினேன். அந்த வாரம் முழுக்க, வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலிலும் இரவில் வீட்டிலுமாக இதைத்தான் படித்தேன்.

ஒன்பது என்ற எண்

முதலில் எனக்கு உறைத்தது, கோயிலின் ஒன்பதும் புத்தகத்தின் ஒன்பதும் வேறு வேறு என்பதுதான். கோயிலில் நாம் சுற்றிவருகிற நவக்கிரகத்தில் சூரியன் இருக்கிறது, சந்திரன் இருக்கிறது, ராகு கேது இருக்கின்றன. பூமி இல்லை, யுரேனஸ் இல்லை, நெப்டியூன் இல்லை, புளூட்டோவும் இல்லை. அதை ஏதோ தவறான பட்டியல் என்று தள்ளிவிடக் கூடாது. அதற்கென்று ஒரு அளவுகோல் இருந்தது. விண்மீன்களின் பின்னணியில் எது இடம் மாறி நகர்கிறதோ அது கிரகம். வெறும் கண்ணால் பார்த்தால் அப்படி நகர்வன ஏழு: சூரியன், சந்திரன், புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி. அவற்றோடு கிரகணம் நிகழும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்தார்கள், ஒன்பது. பழந்தமிழிலும் நாள்மீன், கோள்மீன் என்று இதே பிரிவு உண்டு. சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு அளவுகோலே மாறிவிட்டது. சூரியனும் சந்திரனும் பட்டியலை விட்டு வெளியே போயின, நாம் நிற்கிற பூமி உள்ளே வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் இந்தப் பட்டியலில் வேறெதுவும் நடந்ததில்லை.

புளூட்டோவுக்கு நடந்தது அதற்கு முன்பே ஒன்றுக்கு நடந்திருக்கிறது. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் ஜுசெப்பே பியாட்சி, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில் சீரிஸைக் கண்டுபிடித்தார். அந்த இடைவெளியில் ஒரு கோள் இருக்க வேண்டும் என்று வானியலாளர்கள் ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்ததால், கோள் என்றே புத்தகங்களில் ஏறிவிட்டது. மறு ஆண்டே அதன் பக்கத்தில் பாலஸ், 1804-ல் ஜூனோ, 1807-ல் வெஸ்டா. எல்லாமே கோள்கள்தான்! கொஞ்ச காலம் அப்படியே ஓடியது. 1845-ல் ஐந்தாவது கிடைத்தது, அதற்குப் பிறகு வரிசையாக வந்துகொண்டே இருந்தன, 1868-ல் நூறு ஆகிவிட்டது. அதற்குள் வானியலாளர்கள் அவற்றையெல்லாம் தனியாக எடுத்து, எண் போட்டு, சிறுகோள்கள் என்று வைத்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு கோளாக இருந்த சீரிஸ் சிறுகோள் எண் 1 ஆனது. அதற்கு யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை, மெல்ல மெல்லப் பழக்கம் மாறியது, அவ்வளவுதான்.

புளூட்டோ எப்படிச் சுருங்கியது

1930-ல் அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள லோவெல் வானாய்வகத்தில் கிளைடு டோம்பா என்ற 24 வயது இளைஞர் வேலை பார்த்தார். வானத்தின் ஒரே பகுதியைச் சில நாள் இடைவெளியில் இரண்டு முறை படம் எடுத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளையும் ஒரு கருவியில் பொருத்தி, மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். விண்மீன்கள் நின்ற இடத்தில் நிற்கும். நகர்கிற ஒன்று இருந்தால் அது மட்டும் அங்கும் இங்கும் தாவும். ஒரு தகட்டில் லட்சக்கணக்கான புள்ளிகள், கண் வலிக்க வலிக்க மாதக்கணக்கில் இதுதான் வேலை. ஜனவரி 23, 29 ஆகிய இரவுகளில் எடுத்த தகடுகளைப் பிப்ரவரி 18 அன்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு புள்ளி தாவியது. அதுதான் புளூட்டோ.

அவர்கள் தேடியது யுரேனஸ், நெப்டியூன் பாதைகளை அசைக்கிற ஒரு பெரிய கோளை. அதனால் கிடைத்ததும் பெரிதாகத்தான் இருக்கும், ஏறத்தாழ பூமி அளவு எடை இருக்கலாம் என்று நினைத்தார்கள். பிறகு ஒவ்வொரு முறை அளந்தபோதும் அது குறைந்துகொண்டே வந்தது. கடைசித் தீர்ப்பு 1978-ல் வந்தது. ஜேம்ஸ் கிறிஸ்டி என்பவர் புளூட்டோவின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் ஓரத்தில் ஒரு புடைப்பு தெரிந்தது. வேறு நாள் படத்தில் அதே புடைப்பு வேறு பக்கம் இருந்தது. படம் கெட்டுவிட்டதோ என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பக்கத்தில் இருந்த விண்மீன்களில் அந்தப் புடைப்பு இல்லை. அது புளூட்டோவின் துணைக்கோள் சாரோன், 6.4 நாளுக்கு ஒரு சுற்று வருகிறது. ஒன்றை இன்னொன்று சுற்றும் வேகமும் தூரமும் தெரிந்துவிட்டால் எடையைக் கணக்குப் போட்டுவிடலாம். புளூட்டோவின் எடை பூமியில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வந்தது, நம் நிலவின் எடையில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். யுரேனஸ், நெப்டியூன் பாதைகளில் தெரிந்ததாக நினைத்த அசைவும் உண்மையில் இல்லை. 1989-ல் வாயேஜர் 2 விண்கலம் நெப்டியூனைக் கடந்து அதன் எடையைச் சரியாக அளந்த பிறகு அந்தக் கணக்கு நேராகிவிட்டது. இல்லாத ஒன்றைத் தேடப்போய் இருக்கிற ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சின்னதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் அதை நீக்கவில்லை. 1992-ல் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் ஹவாயிலிருந்து நெப்டியூனுக்கு அப்பால் இன்னொரு பொருளைக் கண்டார்கள், அப்புறம் நூற்றுக்கணக்கில் வந்தன, கைப்பர் பட்டை என்று ஒரு முழுப் பகுதியே வெளிச்சத்துக்கு வந்தது. சீரிஸுக்கு நடந்தது போலவே. 2005-ல் வானியலாளர் மைக் பிரவுன் குழு நெப்டியூனுக்கு அப்பால் ஈரிஸைக் கண்டுபிடித்தபோது இனித் தள்ளிப்போட முடியாது என்ற நிலை வந்துவிட்டது, ஏனென்றால் அது புளூட்டோவைவிடப் பெரியது என்று அப்போது கருதினார்கள். (இன்றைய அளவில் ஈரிஸின் விட்டம் 2,326 கிமீ, புளூட்டோ 2,377 கிமீ. ஆனால் எடையில் ஈரிஸ்தான் 27 விழுக்காடு கூடுதல்.) புளூட்டோ கோள் என்றால் ஈரிஸ் பத்தாவது கோள். அது இல்லை என்றால் புளூட்டோவும் இல்லை. நடுவில் நிற்க இடமில்லை.

பிராக் நகரில்

2006 ஆகஸ்டில் அனைத்துலக வானியல் ஒன்றியம் பிராக் நகரில் கூடியது. பலருக்குத் தெரியாத செய்தி, முதலில் வந்த முன்வரைவு கோள்களைக் குறைக்கவில்லை, கூட்டியது. உருண்டையாக இருந்து சூரியனைச் சுற்றினால் கோள் என்றது அது. அப்படிப் பார்த்தால் சீரிஸ், சாரோன், ஈரிஸ் மூன்றும் சேர்ந்து பன்னிரண்டு. சாரோனை ஏன் சேர்த்தார்கள் என்றால், அது புளூட்டோவில் பாதிக்கும் மேல் விட்டம் உள்ளது, இரண்டும் தங்களுக்கு இடையே வெற்றிடத்தில் உள்ள ஒரு புள்ளியைத்தான் சுற்றுகின்றன. ஒரு வாரம் பெரிய வாக்குவாதம் நடந்தது. ஆகஸ்ட் 24 அன்று மஞ்சள் அட்டைகளைத் தூக்கிக் காட்டி வாக்களித்தார்கள், அன்று அரங்கில் இருந்தவர்கள் 424 பேர்தான்.

நிறைவேறிய வரையறை மூன்று நிபந்தனைகள் கொண்டது. சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே தன்னை ஏறக்குறைய உருண்டையாக்கிக்கொள்ளும் அளவுக்கு எடை வேண்டும். தன் பாதையின் சுற்றுப்புறத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் கோள். முதல் இரண்டு மட்டும் இருந்து, துணைக்கோளாகவும் இல்லையென்றால் குறுங்கோள். மற்றவை சிறு பொருள்கள்.

எல்லாரும் இடறி விழுவது மூன்றாவது நிபந்தனையில்தான். பாதையில் ஒரு கல்கூட இருக்கக் கூடாது என்று அதற்குப் பொருள் இல்லை. வியாழனின் பாதையிலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுகோள்கள் முன்னும் பின்னும் ஓடுகின்றன, ஆனால் அவை வியாழனின் பிடியில் ஓடுகின்றன. அந்த வட்டாரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதுதான் கேள்வி. வானியலாளர் ஸ்டீவன் சோட்டர் இதை எண்ணாகவே போட்டுக் காட்டினார்: பூமியின் எடை, அதன் பாதையில் திரிகிற மற்ற எல்லாவற்றின் மொத்த எடையைப் போல 17 லட்சம் மடங்கு. புளூட்டோவுக்கு அதே கணக்கு 0.07, ஒன்றுக்கும் கீழே. எட்டுக் கோள்களும் ஒரு கரையில், சீரிஸும் புளூட்டோவும் ஈரிஸும் மறுகரையில், இடையில் எதுவும் இல்லாத பெரிய இடைவெளி. எனக்கு இதைப் படித்தபோதுதான் மனம் ஒப்பியது. கோடு ஏற்கெனவே வானத்தில் இருக்கிறது. பிராக்கில் வாக்களித்தவர்கள் எந்தக் கோட்டின்மேல் பெயர் எழுதுவது என்றுதான் முடிவெடுத்தார்கள்.

தரையில் பரப்பிய அட்டைகள்

அடுத்த சனிக்கிழமை பத்து அட்டைகள் செய்துகொண்டு போனேன். பெயர் கிடையாது. விட்டம், வடிவம், எதைச் சுற்றுகிறது, பாதையில் கூட யார் இருக்கிறார்கள், இவ்வளவுதான். மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் பரப்பி, மூன்று குழுவாகப் பிரித்து, இவற்றை வகைப்படுத்துங்கள் என்றேன். எப்படி என்று சொல்லவில்லை.

முதல் குழு விட்டத்தைப் பார்த்துப் பெரியது சிறியது என்று அடுக்கியது. 5,268 கிமீ அட்டையை 4,879 கிமீ அட்டைக்கு மேலே வைத்துக் கோள் என்றார்கள். புரட்டினால் மேலே இருந்தது கனிமீடு, வியாழனின் நிலா. கீழே இருந்தது புதன். "நிலா எப்படி டீச்சர் கோளைவிடப் பெருசா இருக்கும்?" என்று ஒரு பையன் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கீழே வைக்கவே மாட்டேன் என்றான். இரண்டாவது குழு வடிவத்தைப் பார்த்தது. 525 கிமீ வெஸ்டா கோணலாக இருக்கிறது, வெளியே. 940 கிமீ சீரிஸ் உருண்டை, உள்ளே. முட்டை வடிவ ஹவ்மேயாவில் மாட்டிக்கொண்டார்கள், அது நான்கு மணி நேரத்துக்குள் ஒரு முறை தன்னைத்தானே சுழல்வதால் நீண்டுபோயிருக்கிறது என்று விளக்க வேண்டியிருந்தது. மூன்றாவது குழுவில் இருந்தாள் நம் பிள்ளை. அவர்கள் எது எதைச் சுற்றுகிறது என்று முதலில் பிரித்து, அப்புறம் கூட யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று பிரித்தார்கள். யாரும் சொல்லாமலே பிராக் வரையறைக்கு வெகு பக்கத்தில் வந்துவிட்டார்கள்.

மூன்று குழுவுமே தவறில்லை. எதை அளக்கிறோமோ அதற்கேற்பத்தான் வகை அமையும். அன்று பிள்ளைகளுக்கு இது பேச்சாக இல்லாமல் கையில் கிடைத்தது.

துப்புரவு நிபந்தனைக்கு அரிசி எடுத்துப் போயிருந்தேன். ஒரு தட்டில் ஒரே ஒரு மணி. பூமியின் பாதையில் உள்ள மற்ற எல்லாம் சேர்ந்து இந்த ஒரு மணி என்றால், பூமி எவ்வளவு? கிலோவுக்கு ஐம்பதாயிரம் மணி என்று வைத்துப் பலகையில் வகுத்தார்கள்: 34 கிலோ. தேக்கா கடையில் அடுக்கியிருக்கிற பெரிய மூட்டையைவிடக் கூடுதல். இன்னொரு தட்டில் நூறு மணியை எண்ணிப் போடச் சொன்னேன், அது புளூட்டோவின் வட்டாரத்தில் உள்ள மற்றவை. பக்கத்தில் புளூட்டோவுக்கு ஏழு மணி. இரண்டு தட்டையும் பார்த்த பிறகு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

தாத்தா கேட்டவை

அவர் அன்று முழு வகுப்புக்கும் கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அரிசியைப் பார்த்துவிட்டு, "சரி, புளூட்டோ வர்ற வழியில நெப்டியூன் இருக்குல்ல? அப்போ நெப்டியூனும் வழியைத் துப்புரவாக்கலையே?" என்றார். இதே கேள்வியை வானியலாளர்களே கேட்டிருக்கிறார்கள். 1979 முதல் 1999 வரை புளூட்டோ நெப்டியூனைவிடச் சூரியனுக்குப் பக்கத்தில் இருந்தது உண்மைதான். ஆனால் நெப்டியூன் மூன்று சுற்று வரும்போது புளூட்டோ சரியாக இரண்டு சுற்று வருகிறது, அந்தத் தாளத்தில் கட்டுண்டு ஓடுவதால் இரண்டும் நெருங்குவதே இல்லை. தாளம் போடுவது கிட்டத்தட்ட 8,000 மடங்கு எடையுள்ள நெப்டியூன். புளூட்டோ அதற்கேற்ப ஓடுகிறது.

அவருடைய இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை. "அப்போ பூமியைக் கொண்டுபோய் அங்க வச்சா?" புளூட்டோவுக்கு விண்கலம் அனுப்பிய நியூ ஹொரைசன்ஸ் திட்டத்தின் தலைவர் ஆலன் ஸ்டெர்ன் முன்வைக்கிற வாதமே இதுதான். சூரியனிலிருந்து தள்ளிப் போகப் போகப் பாதை நீளமாகிறது, நகர்வு மெதுவாகிறது, துப்புரவாக்குவது கடினமாகிறது. அப்படியென்றால் ஒரு பொருள் கோளா இல்லையா என்பது அது என்னவாக இருக்கிறது என்பதை விட்டுவிட்டு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறதே என்று கேட்கிறார்கள். நிலவியல் நோக்கில் பார்ப்பவர்களுக்கு உருண்டையாக இருந்தாலே கோள், அவர்கள் பேச்சில் கனிமீடும் கோள்தான். 2015 ஜூலை 14 அன்று அந்தக் கலம் 12,500 கிமீ தூரத்தில் கடந்தபோது அனுப்பிய படங்களில் நைட்ரஜன் பனிச் சமவெளியும் தண்ணீர்ப் பனி மலைகளும் தெரிந்தன. அந்த மலைகளைப் பார்த்தவர்கள் இதைக் கோள் என்று சொல்ல ஆசைப்படுவது எனக்குப் புரிகிறது. சூரியனைச் சுற்றுவதைப் பற்றி மட்டுமே பேசும் வரையறைக்குள் வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் வருவதே இல்லை என்பதும் நியாயமான குறைதான்.

இருந்தாலும் என் கருத்து, பிள்ளைகளுக்குச் சூரியக் குடும்பத்தின் கதையைச் சொல்லித்தர பிராக் வரையறையே பொருத்தம். தொடக்கத்தில் சூரியனைச் சுற்றித் தட்டு வடிவில் தூசும் கல்லும் சுழன்று, எட்டு மட்டும் தம் வட்டாரத்தில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டோ விரட்டிவிட்டோ வளர்ந்தன, மற்றவை பட்டைகளில் மிச்சமாக நின்றன. அந்த வரலாறு அந்த மூன்றாவது நிபந்தனையில் இருக்கிறது. ஒன்றியம் இன்றைக்கு ஏற்றுக்கொண்ட குறுங்கோள்கள் ஐந்து: சீரிஸ், புளூட்டோ, ஈரிஸ், ஹவ்மேயா, மாக்கேமாக்கே. சீரிஸைக் கவனியுங்கள், கோளாக இருந்து சிறுகோளாகி, 2006-ல் குறுங்கோளாக ஒரு படி ஏறியிருக்கிறது. புளூட்டோவுக்காக வருந்துகிறவர்கள் அதை ஏனோ சொல்வதே இல்லை.

வகுப்பின் முடிவில் தாத்தா சொன்னது: "எனக்கு ஒன்பதுதாம்மா. ஆனா இவ ஏன் எட்டுங்கறான்னு இப்போ தெரியுது."

மதிப்பெண்

புதன் என்று எழுதிய பிள்ளைக்கு அன்றே மதிப்பெண் போட்டோம், எட்டு ஒன்பதானது. கேள்வியை மாற்றி எழுதினோம்: "2006 வரையறைப்படி சூரியக் குடும்பத்தின் மிகச் சிறிய கோள் எது? காரணத்தை ஒரு வரியில் எழுதுக." காரணம் இல்லாத விடைக்கு அரை மதிப்பெண்தான். பழைய பொது அறிவுப் புத்தகத்திலிருந்து எடுத்த மற்றக் கேள்விகளையும் இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். வியாழனின் துணைக்கோள்களின் எண்ணிக்கையைக் கேட்ட கேள்வியை எடுத்தே விட்டோம், புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.

புளூட்டோ என்று எழுதி முதலில் மதிப்பெண் வாங்கியவர்களை என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. பிடுங்கக் கூடாது என்று ஒருவர், தவறு தவறுதான் என்று இன்னொருவர். கடைசியில் எல்லாரையும் விடையையும் காரணத்தையும் மறுபடி எழுதச் சொன்னோம். பெரும்பாலும் புதன் என்று மாற்றினார்கள். கனிமீடு அட்டையைக் கீழே வைக்க மறுத்த பையன் மட்டும் புளூட்டோ என்றே எழுதி, பக்கத்தில் "1930லிருந்து 2006 வரைக்கும்" என்று போட்டிருந்தான். முழு மதிப்பெண் கொடுத்தேன்.